நெல்லியடியிலை வாங்கின பெட்டி

முதலிலை ஒண்டைச் சொல்லிப்போடுறன். எனக்குப் பொறுமை காணாது. கொக்குவில் முழுக்கத் தெரிஞ்ச விசயம் இது. என்ரை மனுசி மகாதேவி கலியாணம் முடிச்சு மூண்டாம் நாளே கண்டுபிடிச்சிட்டா. நான் கோபத்திலை குழப்பின வேலையள் எல்லாத்தையும் இருபத்தேழு வருசமாப் பின்னாலை நிண்டு திருத்தினது அவதான். இந்த ஒண்டை மட்டும் திருத்த ஏலேல்லை.

எங்கடை வீட்டிலை ஒரு ஸ்ரூடியோ இருக்கு. பெரிசா நினையாதேங்கோ. ஒரு அறை. சுவர் முழுக்கப் பழைய மெத்தையைக் கிழிச்சு அடிச்சு, யன்னலை மூடி, ஒரு மைக், ஒரு கொம்பியூட்டர், ரெண்டு ஸ்பீக்கர், அவ்வளவுதான். தண்டவாளம் பின்வளவுக்கு அங்காலை போகுது. ரெயின் வந்தால் மேசையிலை வைச்ச தேத்தண்ணியும் ஆடும். அதாலை ரெயின் வாற நேரங்களை ஒரு மட்டையிலை எழுதிக் கதவிலை ஒட்டியிருக்கிறன்.

பதினாறு வருசமா நாங்கள் அந்த அறையிலை செய்யிற தொழில் மரண அறிவித்தல். ஸ்பீக்கர் கட்டின ஓட்டோ ஒழுங்கை ஒழுங்கையா மெல்லப் போகேக்கை, "கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" எண்டு ஒரு பெண்குரல் சொல்லுறதைக் கேட்டிருப்பியள். அது மகாதேவி. நான் பட்டன் அமத்திற ஆள்.

அந்தக் குரலைத் தெரியாத ஆள் இல்லை. ஒருக்கா சாவகச்சேரி பஸ்ஸிலை மனுசி ரிக்கற் கேட்க, முன்சீற்றிலை இருந்த கிழவன் திடுக்கிட்டுத் திரும்பி, "பிள்ளை, ஆர் மோசம் போனது?" எண்டு கேட்டவர். வீட்டை வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

அவவுக்கு ஒரு பழக்கம். என்ரை பேரைச் சொல்லமாட்டா. மனுசி பேர் சொன்னால் புருசன்ரை ஆயுள் குறையும் எண்டு தாய் சொல்லி வளத்தது. "இஞ்சேருங்கோ" எண்டுதான் என்னைக் கூப்பிடுவா. எங்கடை பக்கத்திலை எங்கடை வயசுக்காரியள் கனபேர் அப்பிடித்தான். ஆனால் மகாதேவி அதிலை ஒரு படி மேலை. செத்த ஆளின்ரை பேரும் என்ரை பேர் மாதிரிச் சோமசேகரமா இருந்தால் அதையும் வாசிக்கமாட்டா. அந்த இடம் வந்தோடனை ஒரு விரலைத் தூக்குவா. நான் குனிஞ்சு மைக்குக்குள்ளை "சோமசேகரம்" எண்டு சொல்லுவன். அவ "அவர்கள் இறைவனடி சேர்ந்தார்" எண்டு தொடருவா. பதினாறு வருசத்திலை பதினொரு சோமசேகரம் எங்கடை அறைக்குள்ளாலை போயிருக்கினம். பதினொருத்தருக்கும் நான்தான் பேர் சொன்னனான். சனம் அதை ஒரு ஸ்ரைல் எண்டு நினைச்சுக்கொண்டுது.

இந்த மாசியிலை அவவின்ரை தொண்டை கரகரக்கத் தொடங்கினது. பங்குனி முடியக் குரல் வெறுங் காத்தாப் போச்சு. டொக்டர் கமரா விட்டுப் பாத்துப்போட்டு, கட்டி எண்டார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல்வளையை முழுசா எடுக்கோணும், கழுத்திலை ஓட்டை வைச்சு அதாலை மூச்சு விடுறது, இனிக் கதைக்க ஏலாது எண்டார். ஒப்பரேசனுக்கு மூண்டு கிழமை இருந்தது.

"நல்லதாப் போச்சு," எண்டு மனுசி காத்துக்குரலிலை சொன்னா. "இனி உங்களோடை சண்டை பிடிக்கிற வேலை எனக்கு மிச்சம்."

நான் சிரிக்கேல்லை. வீட்டை வந்து நேரை கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்தன். அவவின்ரை குரல் உள்ள பைல் நாலாயிரத்துக்கு மேலை இருக்கு. ஒவ்வொண்டாத் திறந்தன். எல்லாம் செத்தவீடு. பாசமிகு கணவரும், அன்புத் தாயாரும், ஈமைக்கிரியைகளும், தகனக்கிரியையும். "சாப்பிட வாங்கோ" எண்டு ஒண்டு இல்லை. "உங்களுக்கென்ன விசரோ" எண்டு ஒண்டு இல்லை. கலியாண வீடியோவிலை தேடினன். அந்த வீடியோக்காரன் முழுக்கப் பாட்டைப் போட்டு மூடி வைச்சிருக்கிறான். எங்களுக்குப் பிள்ளையளும் இல்லை, போனிலை அம்மாவின்ரை குரல் சேத்து வைச்சிருக்க. வாட்ஸ்அப்பிலையும் அவ எழுதித்தான் அனுப்புவா. "என்ரை குரலுக்கு விலை இருக்கு, சும்மா அனுப்பேலாது" எண்டு பகிடி விடுவா.

ஊர்ச்சனம் எல்லாத்துக்கும் குடுத்த குரலிலை எனக்கெண்டு ஒரு சொல்லும் இல்லை. அண்டைக்கு எனக்கு வந்த பயம் கட்டி எண்டு கேட்டபோதும் வரேல்லை. உள்ளதைச் சொல்லுறன்.

அந்த மூண்டு கிழமைக்குள்ளை அவவைக் கதைக்க வைச்சு எடுத்துப்போடோணும் எண்டு முடிவெடுத்தன். எடுத்தும் பாத்தன். மைக்கிலையிருந்து வாற சத்தம் சரியான சின்னன். அதைப் பெரிசாக்கித்தான் கொம்பியூட்டருக்கு விடோணும். என்ரை பழைய பெட்டி சாதாரணக் குரலுக்குக் காணும். அவவின்ரை காத்துக்குரலுக்குக் குமிழை முழுக்கத் திருப்பி விட, தாச்சிச் சட்டியிலை பொரியிற மாதிரி ஒரே இரைச்சல். அதுக்குள்ளை மனுசி இருக்கிறாவோ இல்லையோ எண்டே தெரியேல்லை. இரைச்சல் இல்லாமல் பெரிசாக்கிற நல்ல ப்ரீஅம்ப் ஒண்டு வேணும். கொழும்பிலை கேட்டன், ஓடர் குடுத்தால் ஒண்டரை மாசம் எண்டாங்கள். ஒண்டரை மாசத்திலை எதைப் பெரிசாக்கிறது?

பேஸ்புக்கிலைதான் அந்த விளம்பரத்தைக் கண்டன். நெல்லியடி. நல்ல வெளிநாட்டுப் பெட்டி, முந்திப் பாவிச்சது. படத்திலை பெட்டிக்கு மேலை ஒரு துவாய் பாதி மூடிக் கிடந்தது. அடுத்தநாள் காலமை மோட்டச்சைக்கிளிலை போனன்.

வித்தவன் ஜெயதீபன் எண்டு ஒருத்தன். நாப்பது வயசு இருக்கும். கரையோரத்து ஆக்கள். கப்பலிலை வேலை செய்துபோட்டு வந்து, ரவுணுக்குப் பின்னாலை வீடு கட்டி இருக்கிறான். சுவரிலை மனுசியின்ரை படம், மாலை போட்டு. உதயகலா எண்டு பேர் எழுதியிருந்தது. நல்லாத் தேவாரம் பாடுவாவாம். ரெண்டு வருசத்துக்கு முந்தி வருத்தம் வந்து செத்துப்போனா. அவவைப் பாட வைச்சு எடுக்கத்தான் ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையிலை இதை வாங்கினவனாம்.

பெட்டி மேசையிலை இருந்தது. நான் கேக்கிறதுக்கு முந்தியே விலையைப் பாதியாக் குறைச்சான். அதிலையே எனக்கு யோசனை வந்திருக்கோணும். வரேல்லை. மைக்கைப் பூட்டி, திருப்பி, ஹெட்போனைப் போட்டன். வெளி முத்தத்திலை காகம் நடக்கிறது கேட்டுது. இரைச்சல் ஒரு பொட்டும் இல்லை. காசை எண்ணி மேசையிலை வைச்சன்.

"ஆற்றை குரலை எடுக்கப் போறியள் அண்ணை?" எண்டு கேட்டான்.

விசயத்தைச் சொன்னன்.

"அக்கா உங்களை என்னெண்டு கூப்பிடுறவ?"

உதென்ன கேள்வி எண்டு எனக்கு ஏறினது. "எல்லாரையும் மாதிரித்தான் தம்பி. இஞ்சேருங்கோ எண்டு."

"அப்ப ஒரு வேலை செய்யுங்கோ. எடுக்கேக்கை ஒருக்கா உங்கடை பேரைச் சொல்லச் சொல்லுங்கோ."

"ஏன்?"

"ஒரு அடையாளத்துக்கு," எண்டு சொல்லிக்கொண்டு துவாயாலை பெட்டியைச் சுத்தினான். வாசல் படலை வரைக்கும் கொண்டுவந்து தந்தான். திரும்பி வீட்டுக்குள்ளை போகாமல் றோட்டிலையே நிண்டான்.

அண்டைக்குப் பின்னேரமே மனுசியை மைக்குக்கு முன்னாலை இருத்தினன். "என்னத்தைக் கதைக்கிறது?" எண்டு கேட்டா. ஏதாவது கதையும் எண்டன். அவ யோசிச்சுப்போட்டு, மிளகாய்த்தூள் மேல்தட்டிலை இருக்கு, உப்புப் போத்திலை மூடாமல் வைக்கிறேல்லை, கறண்ட் பில் அலுமாரியிலை இடப்பக்கம், நான் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை மத்தியானம் கடைச்சோறு திண்டு வயித்தைக் கெடுக்கிறேல்லை எண்டு பத்து நிமிசம் புறுபுறுத்தா. என்ரை வாழ்க்கையிலை எடுத்த பதிவுகளிலை அதுதான் திறம். காதுக்குப் பக்கத்திலை இருந்து மூச்சு விடுற மாதிரிக் கேட்டுது.

ரெண்டுபேருமா இருந்து திருப்பிப் போட்டுக் கேட்டம். கடைச்சோறு வரைக்கும் வந்து முடிஞ்சுது. நிப்பாட்டக் கை வைச்சன். அப்பத்தான், "இஞ்சேருங்கோ" எண்டு கேட்டுது.

காத்துக்குரலிலை இல்லை. முழுக்குரல். பத்து வருசத்துக்கு முந்திக் குசினியிலையிருந்து கூப்பிடுவாவே, அந்தக் குரல்.

நான் துள்ளி எழும்பினன். "பாத்தீரோ, பெட்டியின்ரை திறத்தை?"

மனுசி என்னைப் பாக்கேல்லை. ஸ்பீக்கரைப் பாத்துக்கொண்டு இருந்தா. "நான் உப்பிடிக் கூப்பிடேல்லை."

"கூப்பிட்டிட்டு மறந்திருப்பீர்."

"இப்ப என்னட்டை உந்தக் குரல் இல்லையப்பா," எண்டா.

அடுத்தநாளும் எடுத்தம். அண்டைக்கு அது ரெண்டிடத்திலை வந்தது. ஒண்டு அவ தண்ணி குடிக்க எழும்பின நேரம், கதிரை வெறுமையா இருக்கேக்கை. மூண்டாம் நாள் அந்தக் குரல் கொஞ்சம் கரகரத்தது. அஞ்சாம் நாள் அது காத்துக்குரலிலை கூப்பிட்டுது. என்ரை மனுசியைப் பக்கத்திலை இருந்து பழகிக்கொண்டு வந்த மாதிரி. பிறகு எது அவ கூப்பிட்டது, எது அது கூப்பிட்டது எண்டு எனக்கும் பிடிபடேல்லை, அவவுக்கும் பிடிபடேல்லை. "இதென்ன, என்ரை தொண்டையை நானே அடையாளம் காணேலாமல் கிடக்கு" எண்டு கையைப் பிசைஞ்சா.

ஜெயதீபனுக்குப் போன் எடுத்துக் கிழிச்சன்.

"எனக்கும் அப்பிடித்தான் அண்ணை," எண்டான். "உதயகலா உயிரோடை இருக்கேக்கையே தொடங்கினது. அவ செத்த பிறகும் கூப்பிட்டுது. என்ரை மனுசிதான் எண்டு நினைச்சு ஒருநாள் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு அது பிளக்கைக் கழட்டினாலும் நிக்கேல்லை. என்ரை மனுசியோ, இல்லை அதுக்கு முந்தி வைச்சிருந்தவன்ரை மனுசியோ, ஆர் கண்டது? பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் எண்டாலும் தெரிஞ்சிருக்கும். இஞ்சேருங்கோ எண்டால் ஆரையும் கூப்பிடலாம்தானே."

"எனக்கேன்ரா உதை வித்தனி?"

"அக்காவின்ரை குரலை எடுக்கோணும் எண்டு சொன்னியள். நானும் அப்பிடித்தான் ஓடித்திரிஞ்சனான். இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை," எண்டு சொல்லிப் போனை வைச்சிட்டான்.

பெட்டியைத் தூக்கி எறியலாம். எறிஞ்சால் வேறை பெட்டி எடுக்க நாளில்லை. ஒப்பரேசனுக்கு ஏழு நாள்தான் இருந்தது. அவவின்ரை அந்தக் காத்தைப் பிடிக்க அதை விட்டால் வழி இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி அவன் சொன்ன அடையாளம்தான்.

"ஒருக்காச் சொல்லும்," எண்டு கேட்டன். "ஒரே ஒருக்கா. சோமசேகரம் எண்டு."

மாட்டன் எண்டு தலையை ஆட்டினா.

"அது உம்மடை அம்மாவின்ரை விசர்க்கதை. என்ரை ஆயுள் என்ரை பொறுப்பு."

"உங்கடை ஆயுள் என்ரை பொறுப்பு," எண்டா மெல்லமா. "இருபத்தேழு வருசம் காத்து வைச்சதை, தொண்டை போற நேரத்திலை போட்டுடைக்கச் சொல்லுறியளோ?"

எனக்கு ஏறிச்சுது பாருங்கோ. ஹெட்போனைக் கழட்டிச் சுவரிலை எறிஞ்சன். உமக்கு என்னைவிட உம்மடை அம்மாவின்ரை சொல்லுத்தான் பெரிசு எண்டு கத்தினன். அவ எழும்பிப் போயிட்டா. ரெண்டு நாள் நாங்கள் கதைக்கேல்லை. அவவுக்குக் குரல் இருந்த கடைசிக் கிழமையிலை ரெண்டு நாளை நான் உப்பிடித் திண்டனான். அதை நினைச்சால் இப்பவும் என்னை நானே அடிக்கோணும் போலை இருக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவவை ஆஸ்பத்திரியிலை சேக்கோணும். காலமை முழுகி, நல்ல சீலை உடுத்து, தனிய ஸ்ரூடியோவுக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினா. பட்டன் அமத்த அவவுக்குத் தெரியும். பதினாறு வருசம் பாத்துக்கொண்டு இருந்தவதானே. நான் விறாந்தையிலை நடந்துகொண்டு திரிஞ்சன். இருபது நிமிசத்தாலை வெளியிலை வந்தா. கண் சிவந்திருந்தது.

"எடுத்து வைச்சிருக்கிறன்," எண்டா. "ஒப்பரேசன் முடிஞ்ச பிறகு கேளுங்கோ. இப்ப வேண்டாம், எனக்கு வெக்கம்."

"பேர் சொன்னீரோ?"

என்னைப் பாத்துச் சிரிச்சா. அதுக்கிடையிலை ஓட்டோக்காரன் படலையிலை ஹோண் அடிச்சான். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தா. அந்தச் சிரிப்பை ஓம் எண்டு நான் எடுத்தன்.

திங்கள் ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது. செவ்வாய் காலமை முழுகி உடுப்பு மாத்திக்கொண்டு போவம் எண்டு வீட்டை வந்தன். சேட்டும் கழட்டேல்லை, நேரை கொம்பியூட்டரிலை இருந்தன். ஞாயிற்றுக்கிழமை திகதியிலை ரெண்டு பைல் கிடந்தது. அவ ஒண்டுதான் எடுத்திருப்பா எண்டு நினைச்சிருந்தன்.

முதல் பைலைத் திறந்தன். கதிரையை இழுக்கிற சத்தம். பிறகு காத்துக்குரலிலை, "இஞ்சேருங்கோ" எண்டு தொடங்கினது. "இஞ்சேருங்கோ, உங்களிட்டை நான் ஒரு நாளும் சொல்லாத..."

அந்த இடத்திலை நிப்பாட்டினன். எனக்கு ரத்தம் கொதிச்சுது. மனுசி கத்தி வைச்சுக் கிடக்கிற நேரத்திலையும் இந்தச் சனியன் என்னைப் பேய்க்காட்டப் பாக்குது எண்டு நினைச்சன். இன்னும் ரெண்டு சொல்லுக் கேட்டிருக்கலாம். பொறுமை காணாது எண்டு முதலே சொன்னனான்தானே. அழிச்சன்.

ரெண்டாவதைத் திறந்தன். அதிலை கதிரைச் சத்தம் இல்லை.

"சோமசேகரம்," எண்டு கேட்டுது.

அதே காத்துக்குரல். அதே மூச்சு. என்ரை பேரை அவவின்ரை தொண்டையாலை நான் கேட்டது அதுதான் முதல். மேசையிலை தலையை வைச்சு அழுதன். பெரிய ஆம்பிளை, அறைக்குள்ளை தனிய இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதன். எனக்காக அம்மாவின்ரை சொல்லை உடைச்சுப்போட்டாவே எண்டு.

"சோமசேகரம், நான் இஞ்சைதான் இருக்கிறன். எங்கையும் போகேல்லை. நான் கூப்பிடேக்கை நீங்கள் ஓம் எண்டு சொல்லோணும். எங்கை, சொல்லுங்கோ பாப்பம்."

"ஓம்," எண்டு ஸ்பீக்கருக்குச் சொன்னன்.

பிறகு ஒரு வேகத்திலை மற்றதெல்லாத்தையும் துடைச்சன். இஞ்சேருங்கோ எண்டு ஒரு இடத்திலை எண்டாலும் வந்த பைல் அவ்வளவும். மிளகாய்த்தூள், உப்புப்போத்தில், கறண்ட் பில், கடைச்சோறு. அந்த மற்றதின்ரை மூச்சுப் பட்ட ஒண்டும் என்ரை மனுசியின்ரை குரலுக்குப் பக்கத்திலை கிடக்கக்கூடாது எண்டு, குப்பைத்தொட்டியிலையும் அழிச்சு, பிரதி வைச்சிருந்த டிஸ்கிலையும் அழிச்சன். மனம் துப்புரவான மாதிரி இருந்தது.

பன்னிரண்டு நாள் அவ ஆஸ்பத்திரி வாட்டிலை கிடந்தா. நான் ஒவ்வொரு நாளும் வீட்டை வந்து அந்த ஒரு பைலைக் கேட்டன். ஒவ்வொரு முறையும் ஓம் எண்டு சொன்னன். உண்மையிலை சந்தோசமா இருந்தன்.

வீட்டை கூட்டிக்கொண்டு வந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கழுத்திலை ஓட்டைக்கு மேலை மெல்லிய துணி கட்டியிருந்தது. கையிலை ஒரு கொப்பியும் பேனையும். என்னைக் கூப்பிடுறதுக்கு ஒரு சில்வர் பேணியும் கரண்டியும் வைச்சுக்கொண்டா. ரெண்டு தட்டுத் தட்டினால் நான் வரோணும். அதுவும் நல்லாத்தான் இருந்தது, நான் பகிடி விட்டன், அவ சத்தமில்லாமல் சிரிச்சா.

தேத்தண்ணி குடிச்ச பிறகு, "வாரும்," எண்டு அவவை ஸ்ரூடியோவுக்குள்ளை கூட்டிக்கொண்டு போனன். "எனக்காகச் சொன்னீர். அதுக்கு நான் என்ன செய்வன்," எண்டு சொல்லிக்கொண்டு பைலைப் போட்டன்.

"சோமசேகரம்," எண்டுது ஸ்பீக்கர்.

மனுசியின்ரை முகம் மாறினது. முடியுமட்டும் கேட்டா. பிறகு கொப்பியைத் திறந்தா. எழுத்துக் கோணலா வந்தது.

'இது நான் இல்லை.'

"என்னப்பா விளையாடுறீர்?"

'நான் பேர் சொல்லேல்லை. எப்பவும் மாதிரித்தான் கூப்பிட்டனான். நான் எடுத்ததைப் போடுங்கோ.'

அவ என்ரை முகத்தைப் பாத்தா. இருபத்தேழு வருசம் பாத்த முகம், அதுக்குச் சொல்லு தேவையில்லை. அந்த அறையிலை நிண்டு, அழிச்சுப்போட்டன் எண்டு சொன்னன். எல்லாத்தையுமோ எண்டு கையாலை கேட்டா. எல்லாத்தையும் எண்டன்.

ஏசுவா எண்டு பாத்தன். கொப்பி முழுக்க ஏசி எழுதியிருந்தால் எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தா. கனநேரத்தாலை, "என்னத்தைச் சொன்னனீர்? ஒரு நாளும் சொல்லாத ஒண்டு எண்டு தொடங்கினது கேட்டது. அதை எழுதிக் காட்டுமன்," எண்டு கெஞ்சினன்.

பேனையை வைச்சா, எடுத்தா, திருப்பி வைச்சா. கடைசியா எழுதினா.

'அது எழுதுற விசயமில்லை. சொல்லுற விசயம்.'

பத்தரை ரெயின் போச்சுது. மேசை ஆடி நிண்டுது. நான் ஸ்பீக்கரை நிப்பாட்டி, பெட்டியின்ரை பிளக்கையும் கழட்டி, அவவை எழுப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தன். கதவைச் சாத்தேக்கை பின்னாலை இருந்து கூப்பிட்டுது.

"சோமசேகரம்."

நான் திரும்பி உள்ளை போக வெளிக்கிட்டன். மனுசி என்ரை மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சா. அவவுக்கும் கேட்டது. அதாலைதான் எனக்கு விசர் இல்லை எண்டு தெரியும். விறாந்தையிலை வந்து கதிரையிலை இருந்து கொப்பியிலை எழுதினா: 'இனி நான் உங்களைக் கூப்பிட ஏலாது. என்ரை குரலிலை ஆர் கூப்பிட்டாலும் போகாதேங்கோ.'

பெட்டியை ஒரு சாக்குக்குள்ளை கட்டி ஸ்ரூடியோவிலை அலுமாரிக்கு மேலை வைச்சிருக்கிறன். விக்க மனம் வருகுதில்லை. வித்தால் அந்தக் குரலும் அதோடை போயிடும். இன்னொருத்தன்ரை வீட்டிலையிருந்து என்ரை மனுசி என்னைக் கூப்பிடுவா. உடைக்கவும் கை வருகுதில்லை. ஏன் எண்டு மனுசிக்கு நான் சொல்லேல்லை, ஆனால் அவவுக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவ கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னது அந்தப் பெட்டிக்குள்ளாலைதான் போனது. அவ என்ன சொன்னவ எண்டு அதுக்குத் தெரியும்.

இப்ப ஒவ்வொரு நாளும் பத்தரை ரெயின் போன கையோடை அது கூப்பிடுது. முந்தாநாள், "சோமசேகரம், வாங்கோ, நான் அண்டைக்குச் சொன்னதைச் சொல்லுறன்," எண்டுது. நான் அறைவாசல் வரைக்கும் போயிட்டன். குசினியிலை மனுசி பேணியிலை தட்டினா. ஓம், வாறன் எண்டு அங்கை போனன்.

முதலிலை எண்டால் ரெண்டு தட்டுப் போதும். இண்டைக்கு நான் அறைவாசலிலை நிக்க, அவ விடாமல் தட்டிக்கொண்டே இருந்தா.